போலீஸ் பிசிக்கலுக்கு (உடல்திறன் தேர்வுக்கு) கால்களைத் தயார் செய்வது எப்படி: எலும்பு, தசைநாண், குருத்தெலும்புக்கு ஏற்ற 16 வாரத் திட்டம்

எழுத்துத் தேர்வு முடிவு வந்த மறுநாள் காலையில் ஓட ஆரம்பிப்பதுதான் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைகளின் வழக்கம். முதல் வாரம் மூச்சு வாங்கும். இரண்டாம் வாரம் பழகிவிடும். மூன்றாம் வாரம் "இப்போ நல்லா ஓட வருதுண்ணா" என்று தூரத்தைக் கூட்டுவார்கள். நான்காவது, ஐந்தாவது வாரத்தில் கணைக்கால் எலும்பைத் தடவிக்கொண்டு மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

காரணம் எளிது. இதயம், நுரையீரல், தசை மூன்றும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்புக்கும், தசையை எலும்போடு கட்டும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு தயாராகிவிட்டது என்பதை வைத்துக் காலும் தயார் என்று முடிவு கட்டுவதில்தான் எல்லாத் தொல்லையும் தொடங்குகிறது. எது மெதுவாகத் தேறுமோ அதற்கு முதலில் வேலை கொடுப்பது என்ற கணக்கில்தான் கீழே உள்ள வரிசை போகிறது.

1. எவ்வளவு வேகம் வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். அதாவது 100 மீட்டருக்கு 28 நொடி, 400 மீட்டர் சுற்றுக்கு 1 நிமிடம் 52 நொடி. பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 நொடி. ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிவீர் தேர்வில் முழு மதிப்பெண் வேண்டுமென்றால் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 நொடிக்குள் ஓட வேண்டும், அது 100 மீட்டருக்கு ஏறக்குறைய 20.6 நொடி. உங்களுக்கு வந்த அறிவிப்பில் இந்த அளவுகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. 7 நிமிட ஓட்டத்துக்குத் தினமும் 10 கிலோமீட்டர் ஓடத் தேவையே இல்லை. 1500 மீட்டருக்குச் சுமார் 1,400 அடிகள் விழும். 10 கிலோமீட்டர் என்றால் 9,000-க்கு மேல். ஒவ்வோர் அடியும் எலும்பைக் கொஞ்சம் வளைக்கிறது. தேவைக்கு மேல் விழுகிற அடியெல்லாம் உங்கள் எலும்புக் கணக்கில் செலவுதான்.

காவலர் தேர்வு எழுதுகிறவர்கள் விண்ணப்பிக்கும் நாளிலேயே இந்த 16 வாரத்தைத் தொடங்கிவிடுவது நல்லது. எழுத்துத் தேர்வு முடிவுக்காகக் காத்திருந்தால் பாதிக் காலம் போய்விடும்.

2. ஷூ வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஷூவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குதிகால் ஒரு பக்கம் தேய்ந்த பழைய ஷூ வேண்டாம். தேர்வுக்கு முந்தைய வாரம் புது ஷூ வாங்கவும் வேண்டாம். இதைவிட முக்கியமானவை மூன்று.

முதலாவது, குடித்து வளர்ந்த தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வருவதற்கு முன் பிறந்த பலர் குழந்தைப் பருவத்தில் போர்வெல் தண்ணீரைத்தான் குடித்தார்கள். ஃபுளூரைடு எலும்பின் தாதுப்பொருளுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். நெடுங்காலம் அதிகமாகச் சேர்ந்தால் எலும்பு எக்ஸ்ரேயில் அடர்த்தியாகத் தெரியும், ஆனால் எளிதில் உடையும் தன்மை வந்துவிடும். மூட்டுகளைக் கட்டும் நார்களும் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போகும்.

பல்லில் பழுப்புக் கறை இருப்பதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிறுவயதில் குடித்த தண்ணீரின் அடையாளம் அது. எலும்பும் கெட்டுவிட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கறையோடு சேர்ந்து காலையில் கழுத்தும் முதுகும் விறைப்பு, குனிய முடியாமை, பல மூட்டுகளில் வலி என்று இருந்தால் மட்டும், ஓடத் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இன்னும் போர்வெல் தண்ணீரையே குடிக்கிறவர்கள் அதைப் பரிசோதனைக்குக் கொடுப்பதும் நல்லது.

இரண்டாவது, சாப்பாடு. எடை குறையட்டும் என்று சாப்பாட்டைப் பாதியாக்கிக்கொண்டு ஓடுவது எலும்பைத்தான் முதலில் தாக்கும். போதிய உணவு இல்லாதபோது உடம்பு எலும்பைக் கட்டும் வேலையைத் தள்ளிப்போடும். நம் வீட்டுக் களி இதற்குக் கைகொடுக்கும். 100 கிராம் கேழ்வரகு மாவில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்குக் குறையாது. தொட்டுக்கொள்ள வெறும் காரத்தோடு நிற்காமல் பருப்போ, முட்டையோ, கறியோ சேருங்கள். எலும்பின் நார்ப்பகுதியும் தசைநாணும் புரதத்தால் ஆனவை.

மூன்றாவது, பெண்களுக்கு. பயிற்சி தொடங்கிய பிறகு மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றாலோ, "ஓடுவதால்தான்" என்று விட்டுவிடாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தால் எலும்பு கரையும், விரிசல் எளிதில் விழும். பயிற்சியைக் குறைத்து, சாப்பாட்டைக் கூட்டி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

3. வாரம் 1 முதல் 4 வரை: ஓட்டம் இல்லை, கனமும் குதிப்பும் மட்டும்

நான் சொல்லும்போது பிள்ளைகள் முகம் சுளிப்பது இந்த இடத்தில்தான். ஓட்டத் தேர்வுக்கு ஓடாமல் பயிற்சியா என்பார்கள். ஆமாம். வாரத்தில் 5 நாள் 30 முதல் 40 நிமிடம் வேக நடை. அதோடு கீழே உள்ள இரண்டும்.

*தசைநாணுக்கு.* குதிகாலுக்கு மேலே கெண்டைக்காலைப் பாதத்தோடு கட்டும் தடித்த பட்டை, ஓடும்போது உடல் எடையைப்போல 6 மடங்குக்கு மேல் இழுவையைத் தாங்குகிறது. தசைநாணில் கொலாஜன் என்ற புரத இழைகள் லேசாக அலைபோல் மடிந்து கிடக்கும். நீளத்தில் சுமார் 2 விழுக்காடு இழுபடும் வரை அந்த மடிப்பு நிமிர்வதோடு சரி. 4 முதல் 6 விழுக்காடு வரை இழுபட்டு, அந்த இழுவை 3 நொடியாவது நிற்கும்போதுதான் உள்ளே இருக்கும் செல்களுக்கு 'கெட்டிப்படுத்து' என்ற சைகை நன்றாகப் போகிறது. 8 விழுக்காட்டைத் தாண்டினால் இழைகள் அறுபடத் தொடங்கும்.

ஆகவே செய்ய வேண்டியது கனமாக, மெதுவாக. படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்து நில்லுங்கள். 3 நொடியில் குதிகாலை உயர்த்தி, 3 நொடியில் இறக்குங்கள். 8 முதல் 10 முறைக்கு மேல் முடியாத அளவுக்குக் கனம் வேண்டும். முதல் வாரம் இரண்டு கால், பிறகு ஒற்றைக் கால், பிறகு முதுகுப்பையில் செங்கல். ஒரு நாளைக்கு 4 சுற்று, வாரத்தில் 3 நாள்.

தினமும் செய்தால் சீக்கிரம் பலன் கிடைக்காதா என்று கேட்பார்கள். கிடைக்காது. கனமான பயிற்சிக்குப் பிறகு முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை தசைநாணில் கொலாஜன் சேர்வதைவிடச் சிதைவதே அதிகம். அதன் பிறகுதான் கணக்கு வரவுப் பக்கம் திரும்பும். நடுவில் 48 மணி நேரம் விடுவது அதற்காக.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, வேகவேகமாக 100 முறை குதிகாலை உயர்த்தி இறக்குவது. தசை எரியும், வேர்க்கும், பயிற்சி செய்த திருப்தி வரும். தசைநாணுக்குப் போதுமான இழுவையும் கிடைக்காது, போதுமான நேரமும் கிடைக்காது.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். குதிகால் தசைநாணின் நடுப்பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குப் பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை எனலாம். அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்டுச்சென்ற கதிரியக்கக் கார்பனை வைத்து, டென்மார்க் ஆய்வாளர்கள் 2013-இல் இதைக் காட்டினார்கள். 22 வயதில் கிழித்துக்கொண்டால் பழையது அப்படியே திரும்ப வராது.

*எலும்புக்கு.* எலும்புக்குள் நுண்ணிய கால்வாய்களில் நீர் இருக்கிறது. எலும்பு வளையும்போது அந்த நீர் நகர்கிறது, நகர்வதை எலும்புச் செல்கள் உணர்கின்றன. அசையாமல் நிற்கும் சுமையால் நீர் நகராது, அதனால் சைகையும் இல்லை. சட்டென்று ஏறி இறங்கும் சுமைதான் வேண்டும். ஆனால் 20, 30 முறைக்குப் பிறகு செல்கள் ஏறக்குறையச் செவிடாகிவிடும். மறுபடி காது கேட்க 4 முதல் 8 மணி நேரம் ஆகும். விலங்குகளில் செய்த சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்தது.

எனவே காலையில் 20 குதிப்பு, மாலையில் 20 குதிப்பு, வாரத்தில் 4 நாள். முன்னால், பக்கவாட்டில், குறுக்காக என்று திசையை மாற்றுங்கள். எலும்பு பழகாத திசையில் வரும் சுமைக்குத்தான் நன்றாக எதிர்வினை காட்டும். மண் தரையில், முட்டியை லேசாக மடக்கி இறங்குங்கள். ஸ்கிப்பிங் கயிற்றில் ஒரே மூச்சில் 1,000 அடிப்பவர்களுக்கு எலும்பு கேட்பது முதல் சில பத்துகளை மட்டுமே. மீதி தேய்மானம்.

4. வாரம் 5 முதல் 8 வரை: ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டம், 7-ஆம் வாரம் குறைப்பு

5-ஆம் வாரம் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என 8 முறை. 6-ஆம் வாரம் 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். குதிகால் பயிற்சி வாரத்தில் 2 நாளாகக் குறையட்டும்.

7-ஆம் வாரம் ஓட்டத்தை மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள். 8-ஆம் வாரம் 6-ஆம் வார அளவுக்கே திரும்புங்கள், அதற்கு மேல் வேண்டாம். இந்த முழுத் திட்டத்திலும் யாரும் கடைப்பிடிக்காத படி இதுதான். யாரும் தவிர்க்கக் கூடாத படியும் இதுவே.

ஏன் என்றால், கட்டுக்கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஓரிடத்தில் தளர்வதுபோல, ஓட்டத்தால் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. கம்பிக்கு இல்லாத வசதி எலும்புக்கு உண்டு: அது தன்னைத்தானே பழுதுபார்க்கும். ஆனால் அந்தப் பழுதுபார்ப்பில் முதல் வேலை இடிப்பது. கீறல் விழுந்த பகுதியைச் செல்கள் அரித்து எடுக்கச் சுமார் 3 வாரம். அந்தக் குழியைப் புது எலும்பால் நிரப்பச் சுமார் 3 மாதம். ஓட்டம் தொடங்கிய மூன்றாவது, நான்காவது வாரத்தில் உங்கள் கணைக்கால் எலும்பு தொடக்கத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் பொந்தாக இருக்கிறது. மூச்சு நன்றாகப் பழகி, உற்சாகம் உச்சத்தில் இருப்பதும் அதே வாரம். அப்போது தூரத்தைக் கூட்டினால் கீறல் விரிசலாகும்.

ஓடும் விதத்தில் ஒரே ஒரு திருத்தம். நீட்டி நீட்டி எட்டு வைக்காதீர்கள். 30 நொடிக்கு எத்தனை அடி விழுகிறது என்று எண்ணி, அதைவிட 5 முதல் 10 விழுக்காடு கூட்டுங்கள், வேகம் அதேதான். அடி குறுகும்போது பாதம் உடலுக்கு அருகில் விழும், முட்டிக்கும் இடுப்புக்கும் வரும் சுமை குறையும்.

இடத்தைப் பற்றியும் இரண்டு விஷயம். மைதானத்தில் எல்லோரும் ஒரே திசையில்தான் சுற்றுவார்கள். பள்ளி மைதானம் சிறியதாக இருந்தால் வளைவு இன்னும் கூர்மை, உள்பக்கக் கால் ஒவ்வொரு சுற்றிலும் முறுக்கப்படும். பயிற்சியில் ஒருநாள் எதிர்த்திசையில் சுற்றுங்கள். நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் ஓடுபவர்களுக்கும் இதே சிக்கல்தான்: தண்ணீர் வடிவதற்காக ஓரம் சரிவாக இருக்கும், ஒரே பக்கம் ஓடினால் ஒரே கால் எப்போதும் தாழ்வில். போகிற வண்டிகளை நினைத்தாலும் மண் மைதானமே மேல்.

5. முட்டிக்குள் நடப்பது: குருத்தெலும்பை எப்படி நடத்துவது

"ஓடினா முட்டி தேஞ்சிரும்" என்று வீட்டில் சொல்வார்கள். போட்டி அளவில் இல்லாமல் உடற்பயிற்சிக்காக ஓடுவோரிடம் மூட்டுத் தேய்மானம், உட்கார்ந்தே இருப்போரைவிடக் குறைவாகத்தான் காணப்பட்டிருக்கிறது.

மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பில் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. எடையில் 70 முதல் 80 விழுக்காடு நீர். சுமை விழும்போது அந்த நீரின் அழுத்தம்தான் பெரும்பகுதியைத் தாங்குகிறது. சுமை நெடுநேரம் அசையாமல் நின்றால் நீர் மெல்ல வெளியேறி, உள்ளிருக்கும் வலைப்பின்னல் நேரடியாகத் தாங்க வேண்டிவரும். அழுத்தி விடுவது, அழுத்தி விடுவது என்று மாறிமாறி வரும் சுமையில்தான் ஊட்டம் உள்ளே போகும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் 10 நிமிடம் நடக்கச் சொல்வது இதனால்தான். ஓடி முடித்ததும் நெடுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கதை பேசுவது முட்டிக்கு நல்லதல்ல. முட்டிகளை ஆழமாக மடக்கிச் செய்த பயிற்சிக்குப் பிறகு முட்டிச் சில்லுக்குப் பின்னால் இருக்கும் குருத்தெலும்பு பழைய தடிமனுக்குத் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

முட்டி ஆழமாக மடங்கிய நிலையில் சில்லின் பின்னால் விழும் அழுத்தம் உடல் எடையைப்போலப் பல மடங்கு. நம் மைதானங்களில் தண்டனையாகவும் பயிற்சியாகவும் கொடுக்கப்படும் வாத்து நடை, தவளைத் தாவல், நண்பனைத் தோளில் சுமந்து படியேறுவது மூன்றையும் விட்டுவிடுங்கள். 1500 மீட்டருக்கோ நீளம் தாண்டுதலுக்கோ இவற்றால் கிடைப்பதை வேறு வழியில் மலிவாகப் பெறலாம்.

6. வாரம் 9 முதல் 12 வரை: வேகமும் ஏற்றமும்

வாரத்தில் 3 ஓட்டம். ஒரு நாள் 3 கிலோமீட்டர் நிதானமாக. ஒரு நாள் 400 மீட்டரைத் தேர்வு வேகத்தில் 4 முறை, நடுவே 3 நிமிடம் நடை. ஒரு நாள் ஏற்றம். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள்.

ஏற்றத்துக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. கிருஷ்ணகிரி கோட்டை மலை, தீர்த்தமலைப் படிகள், வத்தல்மலைச் சாலை என்று ஆளுக்கொன்று அருகில் இருக்கும். ஏறும்போது ஓடுங்கள், இறங்கும்போது நடங்கள். ஏற்றத்தில் தரையின் மோதல் குறைவு, கெண்டைக்காலுக்கு வேலை அதிகம். இறக்கத்தில் எல்லாம் தலைகீழ்: ஒவ்வோர் அடியும் பிரேக், கணைக்கால் எலும்பும் முட்டிச் சில்லும் அதை வாங்கும். மேலே போய்விட்டு வேகத்தைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடிவருபவர்கள்தான் அடுத்த வாரம் முட்டியைப் பிடிப்பவர்கள்.

7. வாரம் 13 முதல் 16 வரை: கயிறும் தாண்டுதலும்

வாரம் ஒருமுறை முழுத் தூரத்தை நேரம் பார்த்து ஓடுங்கள். 400 மீட்டர் மைதானத்தில் 1500 என்றால் 3 சுற்றும் 300 மீட்டரும். தேர்வு எந்தத் தரையில் நடக்குமோ அதே மாதிரித் தரையில் பழகுங்கள்.

காவலர் தேர்வில் வரும் கயிறு ஏறுதலைக் கடைசி மாதத்தில் திடீரென்று ஆரம்பிக்காதீர்கள். முழங்கைத் தசைநாணுக்கும் குதிகாலுக்குச் சொன்ன அதே விதிதான். முதல் மாதத்திலிருந்தே கம்பியில் 20 நொடி தொங்குவது, 3 நொடியில் மெதுவாக இறங்குவது என்று வாரம் 2 நாள் செய்துவந்தால், இப்போது கயிற்றைத் தொடலாம். மேலே போய்விட்டுக் கயிற்றை விட்டுக் குதிப்பதைக் கண்டிப்பாகத் தவிருங்கள். கையால் கைமாற்றி இறங்குங்கள்.

தாண்டுதல் பயிற்சியில் ஒரு நாளைக்கு 8 முதல் 10 முழு வேகத் தாண்டல் போதும். மணல் குழியைக் கிளறிவிட்டுத் தாண்டுங்கள். இறுகிய மணல் தரைக்குச் சமம்.

8. எந்த வலிக்கு நிறுத்துவது, எந்த வலிக்குக் குறைப்பது

கணைக்காலின் உள்விளிம்பு நெடுக, ஒரு சாண் நீளத்துக்குப் பரவிய வலி, ஓடினால் கூடி நடந்தால் குறைகிறது என்றால், ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து இரண்டு வாரம் பாருங்கள்.

ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலி, ஒற்றைக் காலில் குதித்தால் அதே இடத்தில் குத்துகிறது, இரவில் படுத்தாலும் வலிக்கிறது என்றால் எலும்பு விரிசலாக இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். கணைக்கால் எலும்பின் முன்பக்க நடுப்பகுதியும், தொடை இடுக்கும் ஆபத்தான இடங்கள். அங்கே வலித்தால் ஒரு நாளும் தள்ளக் கூடாது. முதல் 2, 3 வாரங்களில் எக்ஸ்ரே சுத்தமாகவே வரலாம். "படத்தில் ஒன்றுமில்லை" என்பதை ஓடலாம் என்ற அனுமதியாக எடுத்துக்கொண்டு கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. வலி தொடர்ந்தால் எம்ஆர்ஐ பற்றிக் கேளுங்கள்.

தசைநாண் வலி வேறு மாதிரி. காலையில் எழுந்து முதல் சில அடி விறைப்பாக இருக்கும், நடக்க நடக்கச் சரியாகும். 10-க்கு 3 அளவு வலியோடு மெதுவான கனப் பயிற்சியைத் தொடரலாம். மறுநாள் காலை விறைப்பு கூடினால் முந்தைய நாள் சுமை அதிகம் என்று பொருள். முழு ஓய்வு இங்கே உதவாது, தாங்கும் திறன் இன்னும் குறையும். இழுத்து நீட்டும் பயிற்சியும் வேண்டாம்.

குருத்தெலும்பில் நரம்பு இல்லாததால் அது நேரடியாக வலிக்காது. மறுநாள் காலை முட்டி வீங்கியிருக்கிறதா என்பதைப் பாருங்கள். வீக்கம் இருந்தால் அது வடியும் வரை ஓட்டம் இல்லை. முட்டி நடுவில் மாட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால் மருத்துவர்.

எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவது தசைப் பிடிப்புக்குச் சரி, விரிசல் விழுந்த எலும்பில் கூடாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது அதைவிட மோசம். எச்சரிக்கை மணியைத் துணியால் மூடிவிட்டு விரிசலை நீட்டுகிறீர்கள்.

9. கடைசி 10 நாள், தேர்வு நாள், அதற்குப் பிறகு

கடைசி 10 நாளில் தூரத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தை விட்டுவிடாதீர்கள். கனப் பயிற்சி தேர்வுக்கு 5 நாளுக்கு முன்போடு நிற்கட்டும்.

தேர்வு நாளில் உயரம், மார்பளவு என்று வரிசையில் வெகுநேரம் நிற்கவோ உட்காரவோ நேரும். பெயர் கூப்பிட்டதும் அப்படியே எழுந்து ஓடாதீர்கள். உங்கள் குழுவுக்கு 10 நிமிடம் முன்பே நடை, லேசான ஓட்டம், 10 குதிகால் உயர்த்தல், 2 சிறு வேக ஓட்டம் என்று முடித்துவிடுங்கள். குளிர்ந்து கிடந்த தசைநாணில் திடீர் இழுவை விழக் கூடாது.

தேர்வானபின் பயிற்சிப் பள்ளியில் சேரப் பல மாதங்கள் ஆகலாம். பெரும்பாலோர் அதுவரை ஷூவைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். உபயோகம் இல்லாத எலும்பை உடம்பு வைத்துக்கொள்ளாது. எடையே தெரியாத விண்வெளியில் இருப்பவர்கள் இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு இழக்கிறார்கள். பயிற்சிப் பள்ளியின் முதல் வாரமோ பூட்ஸ், பரேடு, ஓட்டம் என்று ஒரேயடியாக ஏறும். சேரும் நாள் வரை வாரம் 2 நாள் கனமான குதிகால் உயர்த்தல், 3 நாள் 20 குதிப்பு, 2 நாள் 2 கிலோமீட்டர் ஓட்டம். அவ்வளவு போதும், வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம்.